ராமானுஜன் பட்டியலில் விட்டுப்போன ஒரு எண்



டிசம்பர் 22 வந்தால் போதும், என் வாட்ஸ்அப் முழுக்க 1729 தான். ராமானுஜன் பிறந்த நாள், தேசிய கணித தினம். நீங்கள் எல்லோரும் மறக்காமல் அனுப்புகிறீர்கள். மருத்துவமனையில் படுத்திருந்தவரைப் பார்க்க ஹார்டி டாக்ஸியில் வந்தது, வண்டி எண் 1729, இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதமாக எழுதக்கூடிய மிகச்சிறிய எண் அது என்று ராமானுஜன் உடனே சொன்னது, எல்லாம் உங்களுக்கே மனப்பாடம். நான்தானே வகுப்பில் சொன்னேன்!

இந்த வருஷம் 1729 வேண்டாம். அதைவிட ரொம்பப் பெரிய இரண்டு எண்களைப் பற்றி எழுதப் போகிறேன். ஒன்று ராமானுஜன் கண்டுபிடித்து எழுதியது. இன்னொன்று அவர் எழுதாமல் விட்டது. எழுதக் காரணம், சில வாரங்களுக்கு முன்னால் நம் தளவாய்புரத்தில் என்னிடம் ஒரு பழைய மாணவி கேட்ட ஒரு கேள்வி. அதைக் கடைசியில் சொல்கிறேன். பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள். பக்கத்தில் ஒரு தாளும் பேனாவும் வைத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முதலில் ஒரு சின்னக் கேள்வி. நம் ஊரில் நைட்டி தைத்து ஏன் டஜன் கணக்கில் கட்டுகிறோம்? பத்துப் பத்தாகக் கட்டினால் எண்ணச் சுலபம்தானே? ஆனால் பன்னிரண்டை இரண்டு கடைக்குச் சமமாகப் பிரிக்கலாம். மூன்று கடைக்கு, நாலு கடைக்கு, ஆறு கடைக்கும் பிரிக்கலாம். பத்தை இரண்டாகவும் ஐந்தாகவும் மட்டுமே பிரிக்க முடியும். பன்னிரண்டின் காரணிகள் 1, 2, 3, 4, 6, 12 என ஆறு. பத்துக்கு 1, 2, 5, 10 என நாலுதான். பன்னிரண்டுக்குக் கீழே எந்த எண்ணுக்கும் ஆறு காரணிகள் கிடையாது.

இப்படி, தனக்குக் கீழே உள்ள எல்லா எண்களையும்விட அதிகக் காரணிகள் கொண்ட எண்ணை ‘மிகு பகு எண்’ என்று நான் வகுப்பில் சொல்வேன். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360 என்று வரிசை போகும். இந்த வரிசையைப் பார்த்தாலே உங்களுக்குப் பல விஷயம் ஞாபகம் வரும். நாளுக்கு 24 மணி, மணிக்கு 60 நிமிடம், வட்டத்துக்கு 360 பாகை. நம் தாத்தா காலத்துக் கணக்கில் ஒரு நாளுக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு 24 நிமிடம். பங்கு போட வசதியான எண்களை மனிதர்கள் பெயர் தெரியாமலே எடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

இந்த எண்களுக்குப் பெயர் வைத்து, இலக்கணம் எழுதியவர் ராமானுஜன்.

1914 மார்ச் 17 அன்று சென்னையில் கப்பல் ஏறினார். ஏப்ரலில் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார். ஆகஸ்டில் முதல் உலகப் போர் மூண்டுவிட்டது. சைவச் சாப்பாட்டுக்குத் திண்டாட்டம், குளிர், ஊர் ஞாபகம். அந்த நிலையில்தான் ‘மிகு பகு எண்கள்’ என்ற பெரிய கட்டுரையை எழுதினார். 1915-ல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் அது வெளியானது. அச்சில் 63 பக்கம். அப்போது அவருக்கு வயது 27.

அந்தக் கட்டுரையின் சாரத்தில் கொஞ்சத்தை நம் ஒன்பதாம் வகுப்புக் கணக்கை வைத்தே புரிந்துகொள்ளலாம். 12 = 2² × 3. ஒரு காரணியை உருவாக்க 2-ஐ எடுக்காமல் விடலாம், ஒரு தடவை எடுக்கலாம், இரண்டு தடவை எடுக்கலாம். மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம். இரண்டு வழி. மூன்று அளவு, இரண்டு நிறம் என்றால் ஆறு வகை நைட்டி வருகிற மாதிரி, 3 × 2 = 6 காரணிகள். அடுக்கோடு ஒன்றைக் கூட்டி எல்லாவற்றையும் பெருக்க வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது 18-ஐப் பாருங்கள். 18 = 2 × 3². அதற்கும் ஆறு காரணிகள்தான். ஆனால் அடுக்கை இடம் மாற்றி 2-க்குப் பெரிய அடுக்கைக் கொடுத்தால் 12 வந்துவிடுகிறது, காரணி எண்ணிக்கை குறையவில்லை. ஆகவே 18 மிகு பகு எண் ஆக முடியாது. இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. மிகு பகு எண்ணைப் பகா எண்களாகப் பிரித்தால் 2, 3, 5, 7 என்று ஒன்றைக்கூடத் தாண்டாமல் வர வேண்டும். அடுக்குகள் போகப்போக ஏறவே கூடாது. இது எளிய விதி. ராமானுஜன் இதற்கு மேலே போய், கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1 தான், 4, 36 என்ற இரண்டு எண்கள் மட்டுமே விதிவிலக்கு என்று நிறுவினார். ஒவ்வொரு அடுக்கும் எந்த அளவுக்குள் இருக்க முடியும் என்பதற்கு அசமன்பாடுகளாக அடுக்கிக்கொண்டே போனார். அசமன்பாடுகளை அவர் கையாண்ட விதத்தைக் கண்டு ஹார்டியே வியந்தார்.

கட்டுரையில் ஒரு பட்டியலும் உண்டு. 2-ல் தொடங்கி மிகு பகு எண்கள் வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் எத்தனை காரணிகள் என்று. மொத்தம் 102 எண்கள். கடைசி எண் இது:

67,46,32,83,88,800

அதாவது 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதைப் பிரித்தால்:

2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

காரணிகளை எண்ணுங்கள். 7 × 5 × 3 × 3 = 315. அடுத்து 11, 13, 17, 19, 23 என ஐந்து பகா எண்களுக்கு ஐந்து இரண்டு, அதாவது 32. இரண்டையும் பெருக்கினால் 315 × 32 = 10,080. இந்த ஒரு எண்ணை மீதியில்லாமல் வகுக்கக்கூடிய எண்கள் பத்தாயிரத்து எண்பது இருக்கின்றன. அதற்குக் கீழே உள்ள ஆறே முக்கால் லட்சம் கோடிக்கு அருகான எண்களில் ஒன்றுக்குக்கூட அத்தனை காரணிகள் கிடையாது. 1729-க்கு எத்தனை தெரியுமா? 7 × 13 × 19, ஆகவே வெறும் எட்டு.

கால்குலேட்டர் இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. எல்லாம் கையால் போட்ட கணக்கு.

இப்போது அவர் விட்ட எண்ணுக்கு வருகிறேன்.

மேலே சொன்ன கடைசி எண்ணை 23-ஆல் வகுங்கள். கிடைப்பது:

2,93,31,86,25,600

29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. கடைசி எண்ணிலிருந்து 23-ஐ மட்டும் கழற்றிவிட்டோம், ஆகவே காரணிகள் சரிபாதியாகி 5,040 ஆகும். ராமானுஜனின் பட்டியலில் இந்த இடத்துக்கு மேலேயும் கீழேயும் இருக்கும் எண்களைப் பாருங்கள்:

2,40,94,02,99,600 – காரணிகள் 4,800
3,21,25,37,32,800 – காரணிகள் 5,376

முதல் எண்ணைவிடப் பெரியது, இரண்டாவதைவிடச் சிறியது நம் எண். காரணிகளோ 4,800-ஐவிட அதிகம். ஆகவே இந்த இரண்டுக்கும் நடுவில் இது வந்தே ஆக வேண்டும். ஆனால் 1915-ல் அச்சான பட்டியலில் இது இல்லை. இருக்க வேண்டியவை 103 எண்கள். அவர் கொடுத்தவை 102. விட்டுப்போனது இந்த ஒன்றே ஒன்று.

எப்படி விட்டுப்போயிருக்கும்? ஒரு கணக்கு வாத்தியாரின் ஊகத்தைச் சொல்கிறேன், ஊகமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கும் எண் 23-ல் முடிகிறது, அதாவது அதன் கடைசிப் பகா எண் 23. பின்னால் இருக்கும் எண்ணும் 23-ல் முடிகிறது. அங்கிருந்து பட்டியல் முடியும்வரை எல்லா எண்களிலும் 23 இருக்கிறது. நடுவில் இது மட்டும் 19-ஓடு நின்றுவிடுகிறது. முன்னால் உள்ள எண்ணில் 23-ஐ எடுத்துவிட்டு அதற்குப் பதில் 28-ஐப் போட்டால், அதாவது இரண்டு 2-ம் ஒரு 7-ம் சேர்த்தால், இந்த எண் வந்துவிடும். எல்லோரும் 23-க்கு முன்னேறிவிட்ட பிறகு பழைய வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும் கடைசிப் பையன் மாதிரி இது. அந்தப் பையன்மீது கண் படாமல் போவது எவ்வளவு சுலபம் என்று எந்த ஆசிரியருக்கும் தெரியும்.

அந்தப் பையன் சாதாரணமானவனும் இல்லை. அவனுக்கு 5,040 காரணிகள். இந்த 5,040-ம் ஒரு மிகு பகு எண். 5,040-க்கு எத்தனை காரணிகள்? 60. அதுவும் மிகு பகு எண். 60-க்கு 12. 12-க்கு 6. 6-க்கு 4. எல்லாமே அதே வரிசையைச் சேர்ந்தவை! பட்டியலின் கடைசி எண்ணுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. அதன் காரணிகள் 10,080, அது மிகு பகு எண்தான். ஆனால் 10,080-க்கு 72 காரணிகள், 72 அந்த வரிசையில் வராது. 60-க்கே 12 காரணிகள் வந்துவிட்டன, 72-க்கும் அதே 12 தான். இதைப் போட்டுப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். பட்டியலில் ஒரு வரி விட்டுப்போனதால் ராமானுஜன் நிறுவிய ஒரு தேற்றத்துக்கும் பங்கம் இல்லை. தேற்றங்கள் பட்டியலின் மேல் நிற்கவில்லை. ஆனாலும் பிழை பிழைதான். ராமானுஜன் செய்தார் என்பதற்காக அது சரியாகிவிடாது.

அந்தக் கட்டுரைக்கு இன்னொரு கதையும் உண்டு. ராமானுஜன் எழுதியது முழுவதும் 1915-ல் அச்சாகவில்லை. லண்டன் கணிதக் கழகத்துக்கு அப்போது பண நெருக்கடி. அச்சுச் செலவைக் குறைக்க ஒரு பகுதியை அவரே நிறுத்திவைத்தார். 1920 ஏப்ரல் 26 அன்று சென்னைச் சேத்துப்பட்டில் 32 வயதில் காலமானார். அந்தக் கையெழுத்துப் பகுதி கேம்பிரிட்ஜில் மற்றத் தாள்களோடு கிடந்தது. நூற்றாண்டு விழாவை ஒட்டி, அவரது ‘தொலைந்த நோட்டுப் புத்தகம்’ புத்தகமாக வந்தபோது அதுவும் அதில் சேர்ந்தது. பிரான்சு நாட்டுக் கணித அறிஞர்கள் ழான் லூயி நிக்கோலாவும் கீ ரோபேனும் அதற்கு விளக்கக் குறிப்புகள் எழுதி 1997-ல் முறையாக வெளியிட்டார்கள். அதாவது 82 வருஷம் கழித்து! இதற்கிடையில் 1944-ல் அலாவோக்லு, எர்டிஷ் என்ற இரண்டு பேர் ராமானுஜன் விட்ட இடத்திலிருந்து இந்த எண்களை ஆராய்ந்து எழுதினார்கள். பங்கு போடும் கணக்கில் தொடங்கிய விஷயம், கடைசியில் ரீமான் கருதுகோள் வரைக்கும் போகிறது.

சரி, என் கேள்விக்கு வருகிறேன்.

1988-ல் என்று ஞாபகம். ஒன்பதாம் வகுப்புத் தேர்வில் ‘360-ன் காரணிகள் அனைத்தையும் எழுதுக’ என்று ஒரு கேள்வி கேட்டிருந்தேன். 360-க்கு 24 காரணிகள். ஒரு மாணவி 23 எழுதியிருந்தாள். ஏறுவரிசையில், முத்து முத்தான கையெழுத்தில். 20-க்கு அடுத்து 30. நடுவில் 24 இல்லை. நான் சிவப்பு மையில் பூஜ்யம் போட்டேன். ‘அனைத்தையும்’ என்றால் அனைத்தையும்தான் என்பது என் சட்டம். என்னிடம் படித்தவர்களுக்கு அந்தச் சட்டம் தெரியும். “சார், ஒண்ணுதானே விட்டேன்” என்றாள். ஒன்று விட்டாலும் விட்டதுதான் என்று சொல்லி, அந்த வகுப்பு முடியும்வரை நிற்க வைத்தேன்.

இன்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு அன்று சொல்லிக்கொடுக்க ஓர் அருமையான பாடம் கையில் இருந்தது. காரணிகள் ஜோடி ஜோடியாக வரும். 1-க்கு 360 ஜோடி, 2-க்கு 180, 15-க்கு 24, 18-க்கு 20. வர்க்க எண்ணாக இருந்தால் மட்டுமே காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையில் வரும். 360 வர்க்க எண் இல்லை, ஆகவே 23 என்ற விடை தப்பு என்று எண்ணிப் பார்த்தே அவள் கண்டுபிடித்திருப்பாள். எந்த எண்ணுக்கு ஜோடி இல்லை என்று தேடினால் 15 கையைத் தூக்கியிருக்கும். தன் பிழையைத் தானே பிடிக்கும் வித்தை அது. அதைச் சொல்லாமல் பூஜ்யம் போட்டு நிற்க வைத்தேன். அதற்கு மறுவருஷம் அவள் பள்ளிக்கு வரவில்லை. வீட்டுச் சூழ்நிலை, தறி வேலைக்குப் போய்விட்டாள். என் பூஜ்யத்தால் நின்றாள் என்று சொல்ல முடியாது. அவளும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் கணக்கைப் பற்றி அவளிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்தப் பூஜ்யம்தான்.

சில வாரங்களுக்கு முன்னால் என் மனைவியோடு துணி எடுக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் ஏழெட்டுத் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நைட்டிகளை எண்ணிக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்து பார்த்து, “சார்... நீங்க கணக்கு சார்தானே?” என்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. “360-க்கு 24-ஐ விட்டுட்டு நின்னேனே சார்” என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நாற்காலி போட்டு, காபி வாங்கி வரச் சொல்லி, பேத்தியின் படத்தைக் காட்டினாள். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியும் எந்த எண் என்பதுவரை ஞாபகம் இருக்கிறது அவளுக்கு.

எனக்குக் காபி இறங்கவில்லை. “அம்மா, உன்னை மாதிரியே ஒண்ணு விட்டவர் ஒருத்தர் இருக்கார், தெரியுமா?” என்று இந்தக் கதையைச் சொன்னேன். ராமானுஜன் பெயர் அவளுக்குத் தெரிந்திருந்தது. கையில் இருந்த கட்டை அப்படியே மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“அவருக்கு எத்தனை மார்க் சார் போட்டாங்க?”

அந்த நிமிஷம் எனக்கு வாய் வரவில்லை. பதில் எனக்குத் தெரியும். 1916 மார்ச்சில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆராய்ச்சியின் அடிப்படையில் பி.ஏ. பட்டம் கொடுத்தது. எந்த ஆராய்ச்சிக்கு? இந்த மிகு பகு எண்களுக்குத்தான். கும்பகோணத்திலும் சென்னையிலும் கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் தேறாமல் எஃப்.ஏ.கூட முடிக்க முடியாமல் போனவர் அவர். அவருக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் பட்டம், ஒரு எண் விட்டுப்போன பட்டியல் உள்ள கட்டுரைக்குக் கிடைத்தது. 102 இருந்ததைப் பார்த்தார்கள். எப்படி யோசித்தார் என்பதைப் பார்த்தார்கள்.

“பட்டமே கொடுத்தாங்கம்மா” என்றேன்.

“நல்லது சார்” என்றாள். மறுபடி எண்ண ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு தாளில் 360-ன் 24 காரணிகளையும் பன்னிரண்டு ஜோடியாக எழுதினேன். அவள் எழுதிய 23-க்கு 23 மார்க் என்று கீழே போட்டுக் கையெழுத்திட்டேன். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன். “இப்ப எதுக்கு சார் இதெல்லாம்” என்று சொல்லிக்கொண்டே வாங்கி, மிஷின் மேஜையின் இழுப்பறையில் வைத்தாள். பெயரைப் போட வேண்டாம் என்று சொன்னாள், போடவில்லை. எழுதலாமா என்று கேட்டேன், எழுதுங்க சார் என்றாள்.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். விடையில் பிழை இருந்தால் கட்டாயம் சுட்டிக்காட்டுங்கள். விட்டுப்போனது எது என்று சொல்லுங்கள், அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றும் சொல்லுங்கள். ஆனால் எழுதியதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என்னிடம் பூஜ்யம் வாங்கியவர்கள் வேறு யாராவது இதைப் படித்தால், விடைத்தாளை நான் திருத்திய விதத்துக்காக மன்னித்துக்கொள்ளுங்கள்.

வழக்கம்போல வீட்டுப்பாடம்: 840 ஒரு மிகு பகு எண். அதன் காரணிகளை ஜோடி ஜோடியாக எழுதி கமெண்டில் போடுங்கள். மொத்தம் எத்தனை என்று முதலில் கணக்கிட்டுவிட்டு எழுதத் தொடங்குங்கள். ஒன்று விட்டாலும் மார்க் உண்டு.

அன்புடன்,
உங்கள் கணக்கு சார்
தளவாய்புரம்